பத்து நிமிஷ வேலை

மேஸ்திரியை யாரும் முதலாளி என்று கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் முகம் மாறிவிடும். "முதலாளின்னு கூப்பிட ஒரு கட்டடமும் வாசல்ல ஒரு போர்டும் இருந்தாப் போதும்டா. மேஸ்திரின்னு கூப்பிடக் கை வேணும்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுவார். காட்டத் தகுந்த கைகள்தான். வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. அதை வாங்கிக்கொண்ட ரம்பம் இன்னும் பட்டறையில் இருக்கிறது, எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார்.

படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அடுத்தவன் பட்டறையில் சீவல் பெருக்கப் போனவர், பெருக்கின இடத்திலேயே படுத்துத் தூங்கி, கண்ணால் பார்த்தே தொழிலைப் பிடித்தவர். இன்றைக்குப் பதினொரு மெஷின், இருபது ஆள். கதவும் ஜன்னலும் செய்து அனுப்புகிறார். மூவாயிரம் கதவுக்கு மேல் இருக்கும். மழைக்கு இறுகியது, வெயிலுக்கு வெடித்தது என்று எவரும் வந்து நின்றதில்லை. பொய்யென்றால் போய்க் கேட்டுப் பார்க்கலாம், கதவுகள் எல்லாம் அந்தந்த வீட்டில்தான் இருக்கின்றன.

ஒரே ஒரு கதவைத் தவிர.

அந்த ஒரு கதவை அவர் மறைக்கவில்லை. மறைப்பதாவது! பட்டறையில் புதிதாக எவன் வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளே அதன் கதையைக் கேட்டாக வேண்டும். மின்சாரப் பெட்டிக்கு மேலே சுவரில் அந்தக் கதவிலிருந்து அறுத்த ஒரு துண்டுப் பலகை ஆணியடித்து மாட்டியிருக்கிறது. இரண்டடி நீளம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் குறுக்கே வளைந்து குழிந்திருக்கும். அதன் மேல் சிவப்புப் பெயிண்டில் மேஸ்திரி தன் கைப்படவே எழுதியிருக்கிறார்: "ஈர மரம். கோணல் வேலை."

"ஈர மரத்தை இழைச்சா இதுதான் கதி. இன்னைக்கு மட்டமா நிக்கும், நாளைக்குக் காயக் காய முறுக்கிக்கும். மரத்துக்கு அவசரம் கிடையாது, அவசரம் உனக்குத்தான். புரியுதா?" என்பார். புரிகிறது என்று புது ஆள் தலையாட்டியதும், மர அடுக்கின் பக்கம் கையைக் காட்டுவார். "இதை இழைச்ச புண்ணியவான் அதோ நிக்கிறான். ஏ கோணலு, ஒரு கும்பிடு போடு." கோணல் அங்கிருந்தே சிரித்துக்கொண்டு ஒரு கும்பிடு போடுவான். இருபத்திரண்டு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

கோணலின் பெண்டாட்டிதான் பட்டறையில் மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள். எல்லோருக்கும் அவள் சமையலக்கா. ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் பல் குத்திக்கொண்டிருந்த நேரத்தில், காய் வெட்டும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மேஸ்திரி, இது ஆடுது. வெங்காயம் ஒரு பக்கம் ஓடுது, கத்தி ஒரு பக்கம் ஓடுது. என் விரல் எந்தப் பக்கம் ஓடணும்னு தெரியல."

ஒரே துண்டில் அறுத்த நல்ல பலகை. இரண்டடிக்கு ஓரடி, ஒன்றரை அங்குல கனம். மேஜை மேல் வைத்து ஒரு ஓரத்தை அழுத்தினார். டக். அடுத்த ஓரத்தை அழுத்தினார். டக். ஓரங்கள் இரண்டும் மேலே தூக்கி, நடு குழிந்திருந்தது.

"கழுவி எப்படிம்மா வெச்ச?"

"ஜன்னல் பக்கம் மேடையில படுக்க வெச்சேன். வெயில் அடிக்குதே, காயட்டும்னு."

"பாத்தீங்களாடா!" என்று எல்லோரையும் கிட்டே கூப்பிட்டார். "மேல் பக்கம் காஞ்சு சுருங்கிடுச்சு. அடிப் பக்கம் ஈரத்தைக் குடிச்சு உப்பிடுச்சு. ரெண்டு பக்கத்துக்கும் சண்டை. மரத்தை நிக்க வெச்சுத்தான் காய வைக்கணும், ரெண்டு பக்கமும் காத்து படணும்." அத்தனையும் சரி. ஒரு வார்த்தை பிசகவில்லை. பிறகு அக்காவைப் பார்த்து, "வீட்டுக்காரன்கிட்ட காட்டலியா?" என்றார்.

"காட்டினேன். ஒரு வாரம் நிக்க வெச்சுக் காயட்டும், அப்புறம் இழைக்கலாம்னு சொல்றாரு."

"ஒரு வாரமா! அதுவரைக்கும் நாங்க முழு வெங்காயத்தைக் கடிச்சுக்கணுமா? கோணல் வைத்தியம் கோணலாத்தான் இருக்கும்." பட்டறையே சிரித்தது. "பத்து நிமிஷ வேலை. அந்த இழைப்புளியை எடுங்கடா."

இழைப்புளி என்றால் கையால் தள்ளும் பழைய இழைப்புளி. மெஷின் வந்த பிறகு அவர் அதைத் தொட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"ஈரம் இருக்கு மேஸ்திரி" என்றான் கோணல், அடுக்கின் பக்கத்திலிருந்து. சத்தமாகச் சொல்லவில்லை.

இந்த மூன்று வார்த்தையை இதே குரலில் மேஸ்திரி முன்பும் ஒரு தடவை கேட்டிருந்தார். எப்போது என்று நினைத்துப் பார்க்க இப்போது நேரமில்லை. இருபது பேர் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் அடிப்பக்கத்துத் தொப்பையைச் சீவினார். பிறகு புரட்டிப் போட்டு மேல் ஓரங்களைச் சீவினார். கை மறக்கவில்லை. தோள் மட்டும் கொஞ்சம் முனகியது, அதை வெளியே காட்டுவாரா? சீவல் நீள நீளமாகச் சுருண்டு விழுந்தது. காய்ந்த மரத்தின் சீவல் தரையில் விழும்போது மொறுமொறுவென்று ஒரு சத்தம் கேட்கும். அடிப்பக்கத்துச் சீவல் சத்தமே இல்லாமல் விழுந்தது. அள்ளி ஓரமாகப் போட்டபோது விரலுக்குச் சில்லென்றிருந்தது. தெரிந்தது அவருக்கு. தெரிந்துகொண்டேதான் அடுத்த இழைப்பு இழைத்தார்.

முடித்துவிட்டு மூலைமட்டத்தைப் பலகை மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். மட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. கை தட்டினார்கள்.

"பன்னெண்டு நிமிஷம் ஆச்சு மேஸ்திரி" என்றான் இழைப்பு மெஷின்காரன். பட்டறையில் அவன் ஒருத்தனுக்குத்தான் அவரிடம் வாய் நீளும்.

"ரெண்டு நிமிஷம் உன் மூஞ்சியைப் பாத்ததுல போச்சு" என்றார் மேஸ்திரி. அன்று சாயங்காலம் வரைக்கும் அவருக்கு நடையே தனியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் முன் அறையில் மரக்கணக்கு பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் காதில் சமையலறைச் சத்தம் விழுந்தது. அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தினமும் கேட்கிற கத்திச் சத்தம், ஆனால் தினமும் கேட்கிற மாதிரி இல்லை. மரம் முழுசாக மேடையில் பதிந்திருந்தால் கத்தி விழும்போது தட் தட் என்று கேட்கும். இது டொம் டொம் என்று கேட்டது. அடியில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். மூவாயிரம் கதவைத் தட்டிப் பார்த்த காது அது. ஏமாற்ற முடியாது.

எழுந்து போனார். அவர் நிழல் வாசலில் விழுந்ததும் சமையலக்கா ஒரு பெரிய தட்டை எடுத்துப் பலகை மேல் கவிழ்த்துவிட்டாள்.

"பலகை எப்படிம்மா இருக்கு?"

"கண்ணாடி மாதிரி இருக்கு மேஸ்திரி" என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் திரும்பி வந்து தட்டைத் தூக்கினார். உள்ளங்கையை வைத்ததுமே போதும், மூலைமட்டம் தேவையே இல்லை. பலகையின் நடு இப்போது மேலே புடைத்து நின்றது. அடி ஈரம் காய்ந்து சுருங்கி, ஓரம் இரண்டையும் கீழே இழுத்துவிட்டிருந்தது. முன்னே வளைந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். சத்தம் அமுங்க, ஓரத்துக்கு அடியில் நாலாக மடித்த சாக்குத் துணி சொருகியிருந்தது. கத்தி ஓரத்தில் இறங்காமல், அறுபட்டும் அறுபடாமலும் கீரை நாரும் கோஸும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் இழைத்ததில் பலகையின் கனமும் கால்வாசி போயிருந்தது.

தட்டை முன்பு இருந்தபடியே கவிழ்த்து வைத்தார். திருட வந்தவன் மாதிரி பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்தார்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "அடேய், நானும் ஈர மரத்தை இழைச்சுட்டேன்டா" என்று சிரித்துச் சொல்லியிருந்தால் பட்டறையும் கூடச் சிரித்திருக்கும், அன்றோடு தீர்ந்திருக்கும். திறக்கவில்லை. மின்சாரப் பெட்டிக்கு மேலே இருந்த பலகையை மட்டும் அன்று முழுக்க நிமிர்ந்து பார்க்காமல் நடமாடினார்.

சனிக்கிழமை எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின்காரன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்: "ஏன்க்கா, ரெண்டு நாளா நீ காய் வெட்டுறியா, மேளம் அடிக்கிறியா? மேஸ்திரி இழைச்சுக் குடுத்த பலகைதானே?"

வரிசை அப்படியே நின்றது. மேஸ்திரி தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

கோணல்தான் பதில் சொன்னான். தலையைத் தூக்காமல், சாதாரணமாகச் சொன்னான். "இவதான் அன்னைக்கு நைட்டு தண்ணித் தொட்டியில ஊறப் போட்டுட்டா. மரம் என்ன பண்ணும்? மேஸ்திரி வேலையில என்ன குத்தம்?"

சமையலக்கா கையில் கரண்டியோடு ஒரு நொடி தன் புருஷனைப் பார்த்தாள். "ஆமா, நான்தான் மறந்துட்டேன்" என்றாள்.

தொட்டியில் எவளும் எதையும் ஊறப் போடவில்லை. அது அவர்கள் மூன்று பேருக்கும் தெரியும். மேஸ்திரி வாய் திறந்தார். திறந்து என்ன சொன்னார் என்றால், அதை எழுதவே கூசுகிறது. "ஏம்மா, மரத்தைப் போய்த் தண்ணியில போடலாமா? பாத்து வெச்சுக்க வேணாமா?" என்றார். அவர் குரல்தான். அதே அதட்டல். பழக்கத்தில் தானாக வந்து விழுந்தது.

"இனிமே பாத்துக்கறேன் மேஸ்திரி" என்றாள் அவள், அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அந்தச் சோற்றை அவர் தின்று முடித்தார். மீதி வைத்தால் ஏன் என்று கேட்பார்கள் என்று பயந்து தின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்திருந்தவருக்குப் பழைய நாள் ஒன்று அப்படியே ஞாபகம் வந்தது. மறந்ததே இல்லை. மேலே ஒரு கதையை அடுக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். வாசல் கதவு அது. வீட்டுக்காரர் குடிவரும் தேதியைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அறுப்பு மில்லிலிருந்து வந்த பலகையைக் கையில் தூக்கியதுமே அன்றைக்கு முப்பது வயதான அந்த ஆள் சொன்னான்: "ஈரம் இருக்கு மேஸ்திரி. நடுவுல குச்சி வெச்சு அடுக்கி இருபது நாள் காய விடுவோம்." மேஸ்திரி என்ன சொன்னார்? "நான் சொல்றேன், இழை. கேள்வி கேக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" இழைத்தான். மூன்றாம் மாதம் கதவு வளைந்து, பூட்டுக்கும் நிலைக்கும் நடுவில் கை நுழைகிற சந்து. வீட்டுக்காரர் பட்டறைக்கே வந்து நின்று கத்தினார். அவருக்கு எதிரில் மேஸ்திரி திரும்பி, "எவன்டா ஈர மரத்தை இழைச்சது?" என்று கேட்டார். அந்த ஆள் அவர் முகத்தைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான், இவர் மேலே ஏதாவது சொல்வார் என்று. பிறகு, "நான்தான்" என்றான்.

அதில் பொய் எதுவும் இல்லை. இழைத்தது அவன்தான்.

கதவைக் கழற்றிக் கொண்டுவந்து, துண்டு போட்டு, பெயிண்ட் டப்பாவைத் திறந்து, ஆணி அடித்து... ஒரு வீட்டுக்காரரைச் சமாதானப்படுத்த அவ்வளவு தேவையில்லை. தன்னை யாரும் சந்தேகப்படக் கூடாதென்று செய்தது. சொல்லச் சொல்ல, நாலு வருஷத்தில் அவருக்கே அந்தக் கதை உண்மையாகிவிட்டது. நேற்று அந்த ஆள் என்ன செய்தான்? இவர் பலகைக்கு அவன் சுவரும் தேடவில்லை, ஆணியும் தேடவில்லை. தன் பெண்டாட்டியைக் கொண்டுவந்து மறைப்பாக நிறுத்தினான்.

திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிடுவது என்று வந்தார். பத்து மணிக்குச் சொல்லலாம் என்று தள்ளினார். டீ குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினார். கடைசியில் இழைப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது கோணலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அந்த மெஷின் ஓடினால் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதற்காகவே அந்த நேரத்தைப் பார்த்துப் போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

"அந்தக் கதவை இழைக்கச் சொன்னது நான்தான்" என்றார், மெஷினைப் பார்த்துக்கொண்டு. சொல்லிவிட்டோம் என்று ஒரு நிம்மதி கூட வந்தது. நகரப் பார்த்தார்.

கோணல் கையை நீட்டி மெஷினை அணைத்தான். அது இறங்கி இறங்கி நின்றது. பட்டறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அந்த நேரத்தில் மெஷின் நிற்கிற வழக்கம் கிடையாது.

"என்ன சொன்னீங்க மேஸ்திரி? கேக்கல."

கேட்டிருக்கும். உதட்டைப் பார்த்தே வேலை செய்து பழகினவர்கள் அவர்கள். ஆனாலும் அவன் முகத்தில் கேலி இல்லை, கோபமும் இல்லை. காத்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்காரருக்கு எதிரில் நின்ற அதே நிற்பு.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். மூவாயிரம் கதவு செய்தவருக்கு ஒரு வாக்கியம் செய்ய வரவில்லை. "அந்தக் கதவு... ஈரம் இருக்குன்னு இவன் சொன்னான். நான்தான் இழைன்னு சொன்னேன். அக்கா பலகையும் அப்படித்தான். யாரும் தண்ணியில போடல. ஈரம் இருக்குன்னு தெரிஞ்சேதான் இழைச்சேன்." நிறுத்தினார். "அவ்வளவுதான்" என்றார்.

வாய் நீளமான மெஷின்காரன் கூடக் கீழே கிடந்த சீவலைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தான். அன்று அவர்கள் கை தட்டியபோது மேஸ்திரியால் தலை நிமிர்ந்து நிற்க முடிந்தது, இந்த மௌனத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதா மேஸ்திரி? கூட இருந்தவன்தானே" என்றான் கோணல். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவளுக்குத்தான் தெரியாது. நான் சொன்னதில்ல. சொன்னா, தப்பைப் பண்ணிட்டு அடுத்தவர் மேல போடுறேன்னு நினைச்சுப்பாளோன்னு விட்டுட்டேன். நீங்க சொல்லுங்க" என்றான்.

"நானா?"

"வேற யாரு?"

பட்டறையிலிருந்து சமையலறைக்கு முப்பது காலடி இருக்கும். மேஸ்திரி தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நடந்ததில்லை. உள்ளே டொம் டொம் என்று சத்தம். அவர் நிழல் விழுந்ததும் அவள் கை தட்டைத் தேடியது.

"மூட வேணாம்மா" என்றார். நின்றபடியே சொன்னார். இரண்டாம் தடவை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. முதல் தடவையாவது கும்பல் இருந்தது. இங்கே அவள் மட்டும் கத்தியை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கேட்டு முடித்ததும் முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"பொண்ணு பாக்க வந்தப்பவே எங்க அண்ணன் சொன்னாரு, ஈர மரத்தை இழைச்ச ஆளாமேன்னு" என்றாள். "கல்யாணம் ஆகி இருபது வருஷம். நானும் அவரைக் கோணலுன்னுதான் கூப்பிடறேன் மேஸ்திரி. வீட்டுல. பிள்ளைங்க முன்னாடி. ஒரு பூட்டு சரியா விழலேன்னா, ஒரு ஆணி வளைஞ்சா, 'உங்க கைக்கு வேற எப்படி வரும்'னு சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பாரு." அடுப்பில் ஏதோ பொங்கியது. அவள் திரும்பவில்லை. "சிரிப்பாரு" என்றாள் மறுபடி.

மேஸ்திரி போய் அடுப்பைத் தணித்தார். அந்த நேரத்தில் அவருக்குச் செய்யத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை, கேட்கிற தைரியம் வரவில்லை. "பலகையைக் குடும்மா" என்றார். அவள் சட்டென்று அதன் மேல் கையை வைத்தாள். "எங்கே மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள். அவர் நின்றுவிட்டார். அப்படி ஒரு எண்ணம் அவருக்குள் இருந்தது உண்மைதான். பழைய பலகையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் கணக்கு நேராகிவிடும், பார்க்கிறவர்களும் பெரிய மனுஷன் என்பார்கள் என்று வரும் வழியிலேயே நினைத்திருந்தார். அவள் எப்படியோ பார்த்துவிட்டாள்.

"எனக்குக் காய் வெட்டப் பலகை வேணும்" என்றாள் சமையலக்கா. "சுவத்துல மாட்ட இல்ல."

பலகையை ஜன்னலுக்குத் தள்ளி, வெயில் படாத இடத்தில், இரண்டு பக்கமும் காற்று படும்படி நிற்க வைத்தார்கள். கோணல் சொன்னபடி ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் அக்கா ஒரு தட்டின் முதுகில் காய் வெட்டினாள், சாப்பாடு கால் மணி நேரம் தள்ளிப்போனது. யாரும் முணுமுணுக்கவில்லை. அது மேஸ்திரிக்கு முணுமுணுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. எட்டாம் நாள் கோணல் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தான், விரல் நகத்தால் இரண்டு பக்கமும் சுரண்டிப் பார்த்தான். "இப்ப இதுதான் இதோட நிலை. இனிமே எங்கேயும் போகாது" என்றான். இழைத்தான். சீவல் மொறுமொறுவென்று விழுந்தது. மேஸ்திரி பலகை நகராமல் எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார். இழைப்புளியை அவர் கேட்கவில்லை, அவனும் நீட்டவில்லை. முடிந்தபோது ஒன்றரை அங்குலப் பலகை முக்கால் அங்குலம் ஆகியிருந்தது. மட்டமாக இருந்தது.

மின்சாரப் பெட்டிக்கு மேலே இருந்ததை அன்றைக்குக் கோணலே கழற்றிக்கொண்டு போனான். என்ன செய்தான் என்று மேஸ்திரி கேட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் அவனை இப்போது அண்ணே என்கிறார்கள். பழக்கத்தில் வாய் தவறிப் பழைய பெயர் வந்துவிடுகிறது, அதிகமாக மேஸ்திரிக்குத்தான். வந்ததும் பாதியில் நிறுத்திக்கொள்கிறார்.

சுவரில் பலகை இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் வெள்ளையாக, இரண்டடி நீளத்துக்குத் தெரிகிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பாலிஷ்காரர், "அங்க என்ன மேஸ்திரி இருந்துச்சு?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் கை வேலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"ஒரு கதவுத் துண்டு" என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு, அவ்வளவு போதுமா என்று அடுக்கின் பக்கம் பார்த்தார். அங்கிருந்து யாரும் சிரிக்கவில்லை, கும்பிடும் வரவில்லை. திரும்பி, பாலிஷ்காரரை உட்காரச் சொல்லிவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.